போர்ஷன் முடிவதும் பாடம் நிற்பதும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கிறவர்களும், அப்படிச் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இங்கே கூடியிருக்கிறீர்கள். ஓராண்டுப் பாடத்தை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் இன்றைய பேச்சு. கோடை வந்ததும் பெரும்பாலான வீடுகளில் இந்த வேலை ஒரே விதமாகத் தொடங்குகிறது. அடுத்த வகுப்புக்குரிய பாடநூல்கள் மேசைக்கு வருகின்றன. மொத்தப் பாடங்களை எண்ணுகிறார்கள். ஆண்டின் வாரங்களை எண்ணுகிறார்கள். முன்னதைப் பின்னதால் வகுக்கிறார்கள். வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று விடை வருகிறது. அதைக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் ஆண்டுத் திட்டம் தயார். பிறகு பத்து மாதமும் அந்த வீட்டில் கேட்கும் கேள்வி, பள்ளிகளில் கேட்கும் அதே கேள்விதான்: போர்ஷன் முடிந்ததா?

இந்த வகுத்தல் கணக்கிலிருந்து விடுபட வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆண்டுத் திட்டத்தில் எழுத வேண்டிய முதன்மையான செய்தி, ஒரு பாடம் எப்போது முடியும் என்பதைவிட, அதே பாடத்துக்குப் பிள்ளை எப்போது திரும்பி வரும் என்பது. எந்தப் பொருளை எத்தனை வாரம் கழித்து மறுபடி தொடப்போகிறோம், அப்போது என்ன கேட்கப்போகிறோம் என்று தேதி போட்டு எழுதியிருந்தால் அது திட்டம். அது இல்லையென்றால், எவ்வளவு அழகாகக் கட்டம் கட்டியிருந்தாலும் அது பொருளடக்கத்தின் படி மட்டுமே. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் இப்படித் திரும்புவது கடினம். வீட்டில் அது எளிது. வீட்டுக்கல்விக்கு இயல்பாகவே அமைந்த பெரிய வசதி இதுதான் என்று நினைக்கிறேன். அதைக் கைவிட்டுவிட்டுப் பள்ளியின் அவசரத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டை நிதானமாகப் பார்ப்போம். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கற்பிக்க வேண்டும். எழுத்துகள் 247. பாடம் நடக்கும் வாரம் 40 என்று கொண்டால், வாரத்துக்கு ஆறு எழுத்து என்று வகுத்தல் சொல்லும். அப்படியே செய்பவர்கள் இருக்கிறார்கள். ககர வரிசை முடித்து ஙகர வரிசைக்கு வந்து, பிள்ளை தன் வாழ்நாளில் எந்தச் சொல்லிலும் சந்திக்கப்போகாத ஙீ, ஙோ, ஙௌ முதலியவற்றை எழுதிப் பழகுவதில் இரண்டு வாரம் போகிறது. எழுத்தின் அமைப்பைப் பார்த்தால் கணக்கு வேறாகிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1; ஆக 31 அடிப்படை வடிவங்கள். மிச்சமுள்ள 216 உயிர்மெய்யும் விதிப்படி பிறப்பவை. துணைக்கால், கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றை நான்கைந்து மெய்களோடு பழகிய பிள்ளை மற்ற மெய்களோடு தானே சேர்த்துப் படித்துவிடும். விதி உடையும் இடம் உகரமும் ஊகாரமும். ‘கு’வில் ஒரு விதமாகவும், ‘சு’வில் கீழே இறங்கியும், ‘து’வில் வேறு விதமாகவும் குறி மாறுகிறது. அந்த 36 எழுத்துகளுக்குத்தான் தனியே காலம் ஒதுக்க வேண்டும். ஆக, எழுத்தறிமுகம் எல்லாப் பிள்ளைக்கும் நாற்பது வாரம் கேட்பதில்லை. ஆனால் ர-ற, ல-ள-ழ, ண-ந-ன ஆகியவற்றை எந்தச் சொல்லில் எது என்று பிழையில்லாமல் எழுதுவதற்கு நாற்பது வாரமும் போதாது. நான்கைந்து ஆண்டு அதற்குத் திரும்பித் திரும்பி வர வேண்டும். 247ஐ 40ஆல் வகுத்தவருக்கு இந்த இரண்டு செய்தியுமே கண்ணில் படுவதில்லை. எளியதற்கு அதிக நாளும், அரியதற்கு நாளே இல்லாமலும் அவருடைய திட்டம் அமைந்துவிடுகிறது.

திரும்பி வருவதன் பயன் வெறும் ஊகம் இல்லை. ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885இல் நினைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளின் பட்டியல்களைத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே அளந்து எழுதிய நூல் அது. ஒரே நாளில் 68 முறை திருப்பிப் படித்ததால் கிடைத்த பலன், மூன்று நாளில் பரப்பி 38 முறை படித்தாலே கிடைத்தது என்று அதில் கண்டார். ஏறத்தாழப் பாதி உழைப்பு! அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பலர் பல விதமாகச் சோதித்தும் இந்த முடிவின் சாரம் மாறவில்லை. 2008இல் செப்பெடாவும் உடன் ஆய்வாளர்களும் 1,350க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு, எவ்வளவு இடைவெளி விட்டால் நல்லது என்பதையே அளந்தார்கள். கற்ற ஒன்றை 350 நாள் கழித்து நினைவுகூர வேண்டுமானால், முதல் படிப்புக்கும் மறுபடிப்புக்கும் இடையே 21 நாள் விட்டவர்களே மேலாக இருந்தார்கள். மறுநாளே மறுபடி படித்தவர்கள் பின்தங்கினார்கள். சோதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள், படித்தவை துணுக்குச் செய்திகள். ஆகவே 21 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். ‘ஒரு பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு நகர்ந்தால் ஆண்டிறுதியில் அது இருக்காது, மூன்று நான்கு வாரம் கழித்து ஒருமுறை தொட்டால் இருக்கும்’ என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

எப்படித் தொடுவது என்பதும் முக்கியம். மறுபடி அதே பக்கத்தை வாசிக்க வைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. ‘ரிவிஷன்’ என்று அதற்குப் பெயர். 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் கல்லூரி மாணவர்களிடம் ஓர் எளிய சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினர் உரைநடைப் பகுதி ஒன்றை இருமுறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, நூலை மூடி, நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முன்னே நின்றார்கள்: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்கள் 56, இருமுறை படித்தவர்கள் 42. இந்த எண்களில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மறுவாசிப்பு முடிந்த அந்த நேரத்தில் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பார்ப்பவருக்கும் நிறைவாக இருக்கிறது. வாரம் திரும்புவதற்குள் அது கரைந்துவிடுகிறது. இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற கல்வியாளர் இதை அளவுகோல் இல்லாமலே உணர்ந்திருந்தார். 1886இல் ‘வீட்டுக் கல்வி’ என்ற நூலை எழுதிய அவர், ஆம்பிள்சைடு என்ற சிற்றூரிலிருந்து வீடுகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்த குடும்பங்களுக்குப் பருவந்தோறும் பாடத்திட்டம் அனுப்பிவந்தார். ஒரு பகுதியை ஒரே ஒருமுறை வாசித்துக் காட்டுவது, உடனே பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்வது என்பது அவருடைய முறையின் உயிர். பாடங்கள் சிறியவை, இளம்பிள்ளைகளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் எதுவும் நீளக்கூடாது என்றார். கதை கேட்ட பிள்ளை மறுநாள் தம்பிக்கு அதைச் சொல்வதும், பாட்டியிடம் ஒப்புவிப்பதும் நம் வீடுகளில் தானாகவே நடப்பவை. அதைத் திட்டத்துக்குள் கொண்டுவந்து, மூன்று வாரம் கழித்தும் ஒருமுறை சொல்லச் சொன்னால் போதும்.

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தது. ஓராண்டு நூலை மூன்றாகப் பிரித்ததால் பிள்ளைகளின் புத்தகச் சுமை குறைந்தது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தந்தப் பருவத்தின் பாடத்துக்கு அந்தந்தப் பருவத்திலேயே தேர்வு முடிந்து, நூலும் அலமாரிக்குப் போய்விட்டால், முதல் பருவத்துப் பின்னக் கணக்கை மூன்றாம் பருவத்தில் கேட்பவர் யார்? பள்ளியில் நல்ல ஆசிரியர் கேட்பார். வீட்டில் அது பெற்றோரின் பொறுப்பு. பருவ நூல்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: முடிந்த நூலை உள்ளே வைக்காதீர்கள். இரண்டாம் பருவத்தில் வாரம் ஒருநாள் முதல் பருவத்துக்கு. மூன்றாம் பருவத்தில் வாரம் ஒருநாள் முந்தைய இரண்டுக்கும். அந்த நாளில் புதியதாக ஒரு வரியும் வேண்டாம்.

‘அப்படித் திரும்பிக்கொண்டே இருந்தால் புதிய பாடத்துக்கு நாள் ஏது?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை, புதிய பாடத்தைக் குறைவாகத் திட்டமிட வேண்டும் என்பதுதான். மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 1979இல் கானமனும் ட்வெர்ஸ்கியும் எழுதினார்கள். 1994இல் புலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் அதை மாணவர்களிடம் சோதித்தார்கள். ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன சராசரி 49, அதையும் தாண்டிவிட்டது. தன் ஒருவனுடைய வேலையைப் பற்றிய மதிப்பீடே இப்படியென்றால், ஏழு வயதுப் பிள்ளை, நான்கு வயதுத் தங்கை, சமையல், அலுவலக வேலை, வந்துபோகும் உறவினர் எல்லாம் கலந்த வீட்டில் மதிப்பீடு என்ன ஆகும்? ஆண்டுக்கு 52 வாரம். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, ஒரு கல்யாணம், இரண்டு காய்ச்சல், அக்னி நட்சத்திர நாட்கள் ஆகியவற்றைக் கழித்தால் நாற்பது வாரம் தேறும். அந்த நாற்பதிலும் முப்பது வாரத்துக்கு மட்டுமே புதிய பாடம் எழுதுங்கள் என்பது என் துணிபு. மிச்சம் பத்து வாரத்தை மொத்தமாக ஆண்டிறுதியில் வைக்காமல், மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் என்று இடையிடையே விடுங்கள். காய்ச்சல் வந்தால் அது தள்ளிப்போன பாடத்தை ஏற்றுக்கொள்ளும். வராவிட்டால் திரும்பிப் பார்க்கும் வாரமாகும். எதுவும் பின்தங்காது; யாரையும் விரட்டவும் வேண்டியதில்லை.

புதிய பாடங்களிலும் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. வாசிப்பும் கணக்கும் ஏணிபோல. கீழ்ப்படி ஆடினால் மேற்படி நிற்காது. ஆகவே அவற்றைத் தேதியோடு கட்டக்கூடாது, பிள்ளையின் நிலையோடு கட்ட வேண்டும். கொரோனாவுக்குப் பின் 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்தார்கள். ஒரே வயதில் மூன்று நிலை இருக்கும் என்பதைப் பள்ளியே ஒப்புக்கொண்ட பிறகு, வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளையை ‘இது இரண்டாம் வகுப்பு, இந்த மாதம் கடன் வாங்கிக் கழித்தல்’ என்று நெருக்குவது ஏன்? வயதால் இரண்டாம் வகுப்பானவள் வாசிப்பில் நான்காம் வகுப்பாகவும் கணக்கில் முதல் வகுப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் திட்டத்தில் அப்படியே எழுதலாம். தடுப்பவர் யாரும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, நாளோடு மட்டுமே கட்ட வேண்டிய பாடங்கள் இருக்கின்றன. இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை. ஏனென்றால் பாடநூலை வகுத்துப் போடும் திட்டத்தில் முதலில் அடிபடுபவை இவைதான். வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் நாள். அன்றைய நாளிதழை வைத்துக்கொண்டு காவிரியின் வரைபடத்தை விரித்தால் நீர்மட்டம், கன அடி, குறுவை, கடைமடை என்று புவியியலும் கணக்கும் உழவும் ஒரே மேசையில் வந்து உட்காரும். அதே வரைபடத்தைச் செப்டம்பரில் நூலிலிருந்து மட்டும் கற்பித்தால் அது ஒரு படம், அவ்வளவே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் மில்லிமீட்டர் குறித்தால் கூட்டலும் சராசரியும் பட்டை வரைபடமும் தாமே வந்துவிடும். மழைக்குப் பிறகு வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். மார்ச்சுக்குள் பெரும்பாலும் கலைந்துவிடும். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுவது ஜனவரி முதல் மார்ச் வரையான இரவுகளில். மாணவர்களே குழு அமைத்து அந்த இரவுகளில் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காக்கும் வேலை 1980களின் இறுதியிலிருந்து நடந்து வருகிறது. வானத்துக்கும் நாள்காட்டி உண்டு. கார்த்திகை மாதத்தில் பொழுது சாய்ந்ததும் கிழக்கே எழும் கார்த்திகைக் கூட்டமும், மார்கழியில் எழும் திருவாதிரையும் சித்திரை முடிவதற்குள் மேற்கே சரிந்து மறையத் தொடங்கும். டிசம்பரில் பார்த்த அதே விண்மீனை மார்ச்சில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நூல் சொன்னது அப்போதுதான் பிள்ளையின் சொந்த அறிவாகிறது. ஆகவே திட்டம் போட உட்காரும்போது பாடநூலைத் திறப்பதற்கு முன் இந்த நாட்களை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். நூல் காத்திருக்கும், ஆமை காத்திருக்காது.

ஒரு வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் திட்டமும் இரண்டு மூன்றாக வேண்டுமா? ஏணிப் பாடங்களுக்கு ஆம். மற்றவற்றுக்கு ஒன்றே போதும். நம் திண்ணைப் பள்ளிகளில் வெவ்வேறு வயதினர் ஒரே இடத்தில் உட்கார்ந்து, அவரவர் படியில் அவரவர் படித்தார்கள். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இளையோரைக் கவனித்தான். எண்சுவடியை நாள்தோறும் உரக்கச் சொல்லி, முந்திரி, காணி, மாகாணி, அரைக்கால் என்று பின்னங்களை நாவில் ஏற்றினார்கள். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தம் விடுதிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவர்களைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. திண்ணைப் பள்ளியைப் புகழ நான் வரவில்லை. சாதியின் பெயரால் அது பலரை வெளியே நிறுத்தியது, பெண்பிள்ளைகளைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை, பிரம்பு ஓயாமல் பேசியது. அந்தக் குறைகளை அங்கேயே விட்டுவிடுவோம். அது அறிந்திருந்த ஒரு நுட்பத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்பது வயது அண்ணன் ஆறு வயதுத் தங்கைக்கு வாய்பாடு சொல்லித்தரும்போது அண்ணனின் மறுபடிப்பும் அங்கேயே நடந்துவிடுகிறது. திட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் இதற்கென்று எழுதினால் பெற்றோருக்கு அரை மணி ஓய்வும் கிடைக்கும்.

திட்டமே எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். 1964இல் ‘குழந்தைகள் எப்படித் தோற்கிறார்கள்’ என்ற நூலை எழுதிய அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட், பிற்பாடு பள்ளியைச் சீர்திருத்தும் நம்பிக்கையையே இழந்து, 1977இல் பள்ளியில்லா வளர்ப்புக்கென ஓர் இதழைத் தொடங்கினார். குழந்தை தன் ஆர்வத்தைப் பின்பற்றினால் தானே கற்கும் என்பது அவர் கட்சி. பயத்தில் விடையைத் தேடும் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதியதை யாரும் மறுக்க முடியாது. இருந்தாலும் ஓர் இடத்தில் நான் அவரோடு போக மாட்டேன். ஆர்வம் பிறக்க முதலில் அறிமுகம் வேண்டும். வானத்தை நிமிர்ந்து பார்க்க ஒருநாளும் அழைத்துப் போகாத வீட்டில் விண்மீன்மேல் ஆர்வம் எங்கிருந்து வரும்? அறிமுகம் செய்வது பெரியவர் கடமை. எதை எப்போது அறிமுகம் செய்வது என்று யோசித்து எழுதுவதுதான் திட்டம். அதன்பின் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்த்து வழிவிடலாம். அதற்காகத்தான் பத்து வாரம் காலியாக விடச் சொன்னேன். வாசிப்பும் கணக்கும் இதற்குள் அடங்காதவை. அவற்றில் விழுந்த ஓட்டை, ஆர்வம் வரும் நாளில் அந்த ஆர்வத்தையே தடுக்கும்.

மறுபக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் பயத்திலிருந்து பிறப்பது. சட்டம் என்ன சொல்லும், தேர்வு என்ன ஆகும், மறுபடி பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் என்ன செய்வது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்குகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் ஏதும் இல்லை. வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கும் பிரிவும் இல்லை. இந்தத் தெளிவின்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அறிந்தே இந்த வழியில் இறங்க வேண்டும். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கவும், ஈடுகொடுக்கத் தேவையான சிறப்புப் பயிற்சி தரவும் வகை செய்கிறது. ஆகவே திரும்பும் கதவு திறந்தே இருக்கிறது. தேர்வுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்யலாம். ஒரு மொழியாவது உள்ளிட்ட ஐந்து பாடங்களில் தேற வேண்டும். பதிவு ஐந்தாண்டு செல்லும், ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு, ஒன்பது வாய்ப்புகள், தேறிய பாடங்களின் மதிப்பெண் சேர்ந்துகொண்டே வரும். இதைத் தெரிந்துகொண்டால் திட்டத்தில் பெரிய விடுதலை கிடைக்கிறது. ஐந்து பாடத்தையும் ஒரே மார்ச்சில் எழுதியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அங்கே இல்லை. அப்படியிருக்க, 14 வயதில் வரும் தேர்வின் நிழலை எட்டு வயதுப் பிள்ளையின் அட்டவணைமேல் விழவிட வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுக்குள் நன்றாக வாசிக்கவும், தெளிவாக எழுதவும், பின்னமும் விகிதமும் தடுமாறாமல் போடவும் தெரிந்த பிள்ளை, அந்தத் தேர்வுக்குரிய நூல்களைக் கடைசி இரண்டு ஆண்டில் படித்துவிட முடியும்.

நேரத்தைப் பற்றிய கவலைக்கும் இதே சட்டத்தில் ஓர் எண் இருக்கிறது. முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 நாளும் 800 மணியும், ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் 1,000 மணியும் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது அது. 800ஐ 200ஆல் வகுத்து, ‘வீட்டிலும் நாளுக்கு நான்கு மணி நேரம் உட்கார வைக்க வேண்டுமே’ என்று திகைக்கிறவர்கள் உண்டு. மறுபடியும் வகுத்தல்! அந்த நான்கு மணி முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் நடக்கும் பள்ளிக்குரியது. வருகைப் பதிவும், வரிசையும், பிறர் முடிக்கும்வரை காத்திருப்பதும் அதில் அடக்கம். ஒருவருக்கு ஒருவர் கற்பிப்பதன் வலிமையைப் பற்றி 1984இல் பெஞ்சமின் ப்ளூம் மிகப் பெரிய முடிவுகளை வெளியிட்டார். பின்வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றாலும் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஏழெட்டு வயதுக்கு உட்கார்ந்து படிக்கும் நேரம் நாளுக்கு இரண்டு மணி போதும் என்பது என் கருத்து. மிச்ச நேரத்தில் விளையாட்டும், மற்ற பிள்ளைகளின் கூட்டும், வீட்டு வேலையில் பங்கும் இருக்க வேண்டும். அண்டை வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் மாலை நேரத்தில் எந்தப் பாடத்தையும் எழுதாதீர்கள்.

கடைசியாக ஓர் ஆட்சேபம். மற்ற எல்லாவற்றையும்விட இதுவே எனக்குக் கனமாகப் படுகிறது. இந்தத் திட்டத்தையெல்லாம் நடத்தப்போவது யார்? பெரும்பாலான வீடுகளில் அம்மா. வேலையை விட்டவளும் அவள், பாடம் தயாரிப்பவளும் அவள், அடுப்பைப் பார்ப்பவளும் அவள், பிள்ளை பின்தங்கியதாக உறவினர் சொன்னால் குற்றம் சுமப்பவளும் அவள். வீட்டுக்கல்வியின் செலவு பெண்ணின் கணக்கில் எழுதப்படுகிறது என்று சொல்பவர்களுக்கு நல்ல பதில் நம்மிடம் இல்லை. திட்டத்தை மாற்றினால்தான் பதில் பிறக்கும். பிள்ளையின் நேரத்தை எழுதும் அதே தாளில் பெரியவர்களின் நேரத்தையும் எழுதுங்கள். எந்தப் பாடம் யாருடையது என்று பெயர் போடுங்கள். கணக்கு அப்பாவுடையது என்றால் திரும்பிப் பார்க்கும் வாரத்திலும் கணக்கு அப்பாவுடையதே. அலுவலகத்தில் வேலை அதிகம் என்றால் பாடம் தள்ளிப்போகட்டும், அம்மாவின் தலைக்கு மாற வேண்டாம். தாத்தாவுக்குக் கதை கேட்கும் வேலை, சித்திக்குச் சனிக்கிழமை ஓவியம். வாரத்தில் ஒரு முழு அரைநாளாவது அம்மா பாடம் எதையும் தொடாத பொழுதாக இருக்க வேண்டும். அப்படி ஒருவராலும் பங்கேற்க முடியாத வீடு என்றால், அருகிலுள்ள நல்ல பள்ளியில் சேர்த்துவிட்டு மாலையில் மகிழ்ச்சியாகக் கதை படிப்பது பிள்ளைக்கும் தாய்க்கும் மேலானது. வீட்டுக்கல்வியை ஆதரித்துப் பேசிக்கொண்டே இதையும் சொல்கிறேன்.

எப்போது தொடங்குவது என்று நிகழ்ச்சிக்கு முன்பு சிலர் கேட்டீர்கள். ஜூனில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை, சித்திரையிலேயே தொடங்கலாம். சென்னையில் ஏப்ரல் 24 அன்று நண்பகலைத் தாண்டிய சில நிமிடங்களில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நிற்கும் கம்புக்கு நிழல் இருக்காது. தெற்கே போகப் போக இந்த நாள் முன்னதாக வரும். உங்கள் ஊருக்குரிய நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மொட்டை மாடியில் ஒரு கம்பை நட்டு, நாள்தோறும் நிழலை அளந்து நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். நிழல் காணாமல் போன அன்று, ‘மறுபடி எப்போது இப்படி ஆகும்?’ என்று மட்டும் கேளுங்கள். விடை சொல்லாதீர்கள். பிள்ளை சொல்லும் தேதியை அதன் கையெழுத்திலேயே அதே பக்கத்தில் எழுதி வைக்கட்டும். பிறகு உங்கள் ஆண்டுத் திட்டத்தை எடுத்து, சென்னையானால் ஏப்ரல் 24இலிருந்து 116 நாள் தள்ளி, ஆகஸ்ட் 18க்கு நேரே ஒரு வரி எழுதுங்கள்: காலையில் நோட்டு, மதியம் மாடி.